அம்மாவின் மணிக்கட்டுக்கு நான்கு வரி

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி மூன்று வருடம் ஆகப்போகிறது. உலோக வால்வு. ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்தால் பழைய கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் உறைய நேரமாகும். கீறல் பட்டால் சமாளித்துவிடலாம். தலையில் அடிபட்டால் விஷயமே வேறு. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கலாம்.

அப்படித்தான் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்தலையில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் வந்த பையன் நாடி பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான், “ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?” வார்ஃபரின் என்று நான் சொன்ன நொடியில் அவன் பேச்சே மாறிவிட்டது. நேராக சி.டி. ஸ்கேன். ஒன்றும் இல்லை, பிழைத்தோம். ஆனால் அன்று நான் வீட்டில் இல்லாமல் அம்மாவும் மயங்கிக் கிடந்திருந்தால் அந்தப் பையனிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

என்ன நோய், என்ன மாத்திரை என்று பொறித்த மருத்துவ அடையாள வளையல் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு பார்த்தேன். ஒன்றில் எழுத்து எறும்பு சைஸ். இன்னொன்று பளபளப்பான தகட்டில் லேசாகச் சுரண்டினாற்போல் எழுதியிருந்தது, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. அலமாரி நிறைய அரமும் குறடும் வைத்திருப்பவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று இறங்கினேன். மூன்று தகடு வீணானது. எதனால் என்று எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது தகடு மிச்சமாகட்டும்.

முதலில் அம்மாவிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. “நாய்க்குக் கட்டுற வில்லை மாதிரி இருக்கும்டா” என்றார். அதுவும் வலது கையில் ஏற்கெனவே ஒரு செம்பு வளையல் கிடக்கிறது, மூட்டுவலிக்கு என்று யாரோ கொடுத்தது. “அதைப் போட்டிருக்கீங்களே, இதையும் போடுங்க” என்றேன். “அது வலிக்குப் போடுறது. இது எதுக்கு, நான் நோயாளின்னு ஊருக்குச் சொல்லவா?”

செம்பு வளையல் கதை எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குச் செம்பு வளையல், காந்தப் பட்டை, சக்தி குறைந்த காந்தப் பட்டை, காந்தமே இல்லாத பட்டை என நான்கையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் ஐந்து வாரம் போட வைத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது. போலிப் பட்டையைவிடச் செம்போ காந்தமோ வலியையும் வீக்கத்தையும் உருப்படியாகக் குறைக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “எனக்குக் கேக்குது” என்றார். சரி, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. வியர்வை பட்டு மணிக்கட்டில் பச்சையாகப் படியும், கழுவினால் போய்விடும். காந்த வளையலாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன். அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இல்லை. இருப்பவர்கள் காந்தத்தை அந்தக் கருவியிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் காந்தம் கிட்டே வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குத் துடிக்க ஆரம்பிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். கையைத் தலையணையாக மடித்து நெஞ்சோரம் வைத்துத் தூங்குபவர்கள் எத்தனை பேர்!

கடைசியில் சமரசம் இப்படி ஆனது: செம்பு வலது கையில் இருக்கட்டும், என்னுடையது இடது கையில்.

தகட்டுக்கு 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுத்தேன், ஒரு மி.மீ. கனம். அலுமினியத்தில் எழுத்து சுலபமாக விழும், ஆனால் மென்மை. சீக்கிரம் தேய்ந்து மழுங்கிவிடும். வெள்ளி அழகுதான், அதுவும் கறுக்கும், கீறும். ராத்திரி பகல், குளியல், பாத்திரம் கழுவுதல் என்று எல்லாவற்றிலும் கையோடு கிடக்கப் போகிற பொருளுக்கு ஸ்டீல்தான் சரி. டைட்டானியம் இன்னும் நல்லது, அதை வெட்ட என்னிடம் வசதி இல்லை.

முதல் தகட்டை எழுத்து அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இது மகா தப்பு. என்னிடம் இருந்த அச்சுகள் செம்பு, பித்தளை, அலுமினியத்துக்கு ஆனவை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடி வாங்க வாங்க இறுகிக்கொண்டே போகிற உலோகம். முதல் அடியில் பாதி எழுத்து விழுந்தது. ஆழம் போதாது என்று அதே இடத்தில் மறுபடி வைத்து அடித்தேன், அச்சு ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது, எழுத்துக்குப் பக்கத்தில் அதன் ஆவி மாதிரி இன்னொரு எழுத்து. ஐந்தாவது எழுத்தில் அச்சின் முனையே மழுங்கிவிட்டது. அடியில் மரக்கட்டை வைத்திருந்ததும் தவறு; மரம் துள்ளும், அடியின் பலத்தில் பாதியை அது தின்றுவிடும். அச்சுதான் வேண்டும் என்பவர்கள் ஸ்டீலுக்கென்றே கடினப்படுத்திய அச்சும், கீழே கனமான இரும்புக்கட்டையும், ஒரு கிலோ சுத்தியலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரே அடி. இரண்டாவது அடிக்கு ஆசைப்படாதீர்கள்.

எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. மின்சாரத்தால் அரிக்கும் முறைக்கு மாறினேன். உப்புத் தண்ணீர், ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு கம்பி, பஞ்சு. எழுத்து தவிர மற்ற இடத்தையெல்லாம் ஏதாவது பூச்சால் மூடிவிட்டால், திறந்திருக்கும் இடத்தில் மட்டும் உலோகம் கரைந்து பள்ளம் விழும்.

பேட்டரியை எடுப்பதற்கு முன்னால் என்ன எழுதுவது என்று முடிவாக வேண்டும். வேலையில் பாதி நேரம் இதிலேயே போனது. தகடு 45க்கு 18 மி.மீ. எழுத்து 2.5 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தால் அவசரத்தில் படிக்க முடியாது என்று வைத்துக்கொண்டேன். நான்கு வரிக்குப் பத்து, இடைவெளி மூன்று, மேலும் கீழும் மிச்சம் தலா இரண்டரை. அகலத்தில் துளைகளுக்கு விட்டதுபோக 35 மி.மீ. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு 17 எழுத்து கொள்ளும், இடைவெளியையும் சேர்த்து. மருந்துப் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதுதான் நல்லது. யார் கையில் சிக்கினாலும் மருத்துவப் பணியாளர் படிப்பார்.

நான் முதலில் எழுதிய பட்டியலில் பெயர், வயது, ரத்த வகை, அறுவை நடந்த தேதி, வால்வின் மாடல் எண், மாத்திரை, ஒவ்வாமை, டாக்டர் பெயர், என் எண், அப்பா எண் எல்லாம் இருந்தன. அது வளையல் இல்லை, கல்வெட்டு. ஒவ்வொன்றாக எடுத்து “இது தெரியாவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் என்ன கெட்டுப்போகும்?” என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். ரத்த வகை போச்சு. ரத்தம் ஏற்றுவதற்கு முன் எப்படியும் அவர்களே சோதிப்பார்கள், தகட்டை நம்பி ஏற்ற மாட்டார்கள். மாடல் எண் பர்சில் இருக்கும் வால்வு அட்டைக்குப் போனது. பெயர் போச்சு என்றதும் அம்மாவுக்கு வருத்தம். “என் பேரே இல்லாத நகையா?”

இந்த அடையாள வளையல் பிறந்த கதையிலும் ஒரே ஒரு செய்திதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டர்லாக் ஊரில் மேரியன் காலின்ஸ் என்ற டாக்டர். 1953இல் அவர் மகளுக்குக் காயம் பட்டு, டெட்டனஸ் எதிர்மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று சோதிக்கச் செலுத்திய துளியிலேயே உயிர் போகப் பார்த்தது. அப்புறம் அந்தப் பெண் வெளியே போகும்போதெல்லாம் துண்டுச்சீட்டு எழுதிக் கோட்டில் குத்தி அனுப்பினார்கள். பிறகு அதையே வெள்ளி வளையலில் பொறித்தார்கள். 1956இல் அது மெடிக்அலர்ட் என்ற அமைப்பானது. காகிதம் நனையும், கோட்டை மறப்பாள், வளையல் கையோடு போகும். அவ்வளவு எளிமையான யோசனை.

எனக்கு வந்த நான்கு வரிகளை இங்கே தமிழில் தருகிறேன், தகட்டில் ஆங்கிலம்:

வார்ஃபரின் 5 மி.கி.
மெக்கானிக்கல் வால்வ்
நோ பெனிசிலின்
ஐஸ், அதன்பின் என் எண்

மூன்றாவது வரியில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்றுதான் போட நினைத்தேன். ஆங்கிலத்தில் எண்ணினால் 18. ஒரு எழுத்து கூடுதல்! ‘நோ பெனிசிலின்’ 13தான், சொல்வதும் பளிச்சென்று இருக்கிறது. கடைசி வரியின் ‘ஐஸ்’ என்பது அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2005இல் பிரிட்டனில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ்காரர் செல்பேசியில் இப்படிச் சேமித்து வையுங்கள் என்று சொல்லிப் பரவியது. மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, நாட்டுக் குறியீட்டோடு என் எண். சரியாக 17.

எழுதியதை அம்மாவின் இதய டாக்டரிடம் காட்டினேன். இதை யாரும் தவிர்க்காதீர்கள். பெனிசிலின் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை, சின்ன வயதில் வந்த ஏதோ தடிப்பை வைத்து ஒட்டிய முத்திரையாக இருக்கும் என்றார். தகட்டில் தப்பாக எழுதிவிட்டால் தேவைப்படும்போது நல்ல மருந்து கிடைக்காமல் போகும். அம்மாவுக்கு அப்போது உதடு வீங்கி மூச்சுத் திணறியது என்றதும், “சரி, அது இருக்கட்டும்” என்றார். இன்னொன்றும் சொன்னார். செயற்கை வால்வு இருப்பவருக்குப் பல் பிடுங்குவதற்கு முன் கிருமித் தொற்று வராமல் இருக்க ஒரு வேளை மருந்து கொடுப்பது வழக்கம், அது பொதுவாக அமாக்ஸிசிலின், பெனிசிலின் இனத்து மருந்து. அதாவது இரண்டாவது வரியைப் படித்து நல்லெண்ணத்தோடு ஒருவர் கொடுக்கும் மருந்தை மூன்றாவது வரி தடுக்க வேண்டும். இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி அரிப்பு வேலை. தகட்டை 600 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து மங்கலாக்கினேன். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டாம். டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்பிக் கண்ணில் அடிக்கும், எழுத்து தெரியாது. கடையில் பார்த்ததன் கோளாறே அதுதான். பிறகு லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில், பின்னணி கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் அச்சடித்து, தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் ஐந்து நிமிடம் அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தேன். கறுப்பு டோனர் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், வெள்ளை எழுத்து வெறும் உலோகமாக நிற்கும். தாளில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்க வேண்டும். இருந்ததா? இல்லை. நேராக அச்சடித்துவிட்டேன். இரண்டாவது தகட்டில் வார்ஃபரின் வலமிருந்து இடமாக வந்து நின்றது. அரிப்பதற்கு முன் பார்த்திருந்தால் துடைத்து மறுபடி செய்திருக்கலாம். எண்ணைச் சரிபார்க்கும் மும்முரத்தில் எழுத்தைப் பார்க்காமல் பேட்டரியை மாட்டிவிட்டேன்.

அடுத்த தகட்டில் தாளை உரித்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆங்கில ‘ஏ’வின் நடுவே ஒரு குட்டி முக்கோணம் இருக்கும் அல்லவா, அதில் டோனர் கடுகளவுகூட இல்லை, பிடிமானம் இல்லாமல் தாளோடு போய்விடுகிறது. வார்ஃபரினில் மட்டும் இரண்டு ‘ஏ’, இரண்டு ‘ஆர்’. அப்படியே விட்டால் எழுத்தின் வயிறு நிரம்பிக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஊசி முனையில் நெயில் பாலிஷ் தொட்டு ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு புள்ளி வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. தகட்டின் ஓரம், பின்புறம் எல்லாம் அதே நெயில் பாலிஷ், அம்மாவுடையது, அடர் சிவப்பு.

பேட்டரியின் பாசிட்டிவ் தகட்டுக்கு, நெகட்டிவ் பஞ்சுக்கு. மாற்றிப் போட்டால் ஒன்றும் நடக்காது, வெறுமனே நுரை தள்ளும். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை எழுத்தின் மேல் பத்து விநாடி ஒற்றி, எடுத்து, தண்ணீரில் அலசி, மறுபடி ஒற்றி. ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். பஞ்சு முதலில் மஞ்சளாகும், அப்புறம் பச்சையும் கறுப்புமாக அழுகிய நிறத்துக்குப் போகும். ஒரு வரிக்கு இருபது முறைக்கு மேல் ஒற்றினேன். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

அந்தப் பச்சைக் கறுப்பில் குரோமியமும் நிக்கலும் கரைந்திருக்கும். அதில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியமும் உருவாகலாம், அது புற்றுநோய் தரக்கூடியது. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல், இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். பஞ்சையும் தண்ணீரையும் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது. நான் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன். இதைப் பள்ளிப் பிள்ளைகள் சோதனை மாதிரிச் செய்து காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் சொல்வதில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு.

நெயில் பாலிஷ் ரிமூவரால் எல்லாம் துடைத்து, பள்ளத்தில் கறுப்பு எனாமல் பெயின்ட் தேய்த்து, மேலே வழித்தெடுத்தேன். நன்றாக வந்தது. மாமாவைக் கூப்பிட்டு, அறை விளக்கை அணைத்து, செல்பேசி டார்ச்சில் கை நீட்டும் தூரத்தில் காட்டினேன். கண்ணாடி போடாமலே மூன்று வரி படித்தார். “நாலாவது உன் நம்பரா மாப்ள? அது எனக்கு மனப்பாடம், படிச்சேனா ஞாபகமான்னு தெரியலையே” என்றார்.

முன்பக்கம் மருத்துவச் சின்னம் வேண்டும், இல்லாவிட்டால் இதைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. தடியும் பாம்பும். இணையத்தில் எடுத்த படத்தில் இரண்டு பாம்பும் இறக்கையும் இருந்தன, கிட்டத்தட்ட அதையே போட்டிருப்பேன். அது கிரேக்கத் தூதுத் தெய்வம் ஹெர்மீஸின் தடி, வணிகத்தோடு சேர்ந்தது. மருத்துவத் தெய்வம் அஸ்க்லீபியஸின் தடியில் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. ஆம்புலன்ஸில் இருக்கும் ஆறு கை நீல நட்சத்திரத்தின் நடுவிலும் அதுதான். அம்மா ஓரத்தில் பூக்கொடி கேட்டார். முடியாது என்றேன். நகை மாதிரி ஆக ஆக, அவசரத்தில் வருகிறவர் கண்ணுக்கு அது நகையாகவே தெரியும்.

சங்கிலி, மணிக்கட்டுச் சுற்றளவு பதினைந்தரை செ.மீ., ஒன்றரை கூட்டி 17 வைத்தேன். வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனையையும் அகலமாக இழுக்காமல், ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் திருகித் திறக்க வேண்டும், அப்போதுதான் மூடும்போது பிசிறில்லாமல் சேரும்.

ஒன்பதாம் நாள் அம்மா மணிக்கட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினார். காசளவு சிவந்து, சொறிந்த தழும்பு. “உன் ஸ்டீல் எனக்கு ஆகலை, செம்பு ஒண்ணும் பண்ணலை பாரு.” அவமானமாக இருந்தது. ஆனால் சிவப்பு தகட்டின் கீழ் இல்லை, கொக்கியின் கீழ். நிக்கல் சோதிக்கும் திரவம் ஒரு குப்பி வாங்கினேன். டைமெத்தில்கிளையாக்சைம் என்று பெயர். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு உலோகத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் பொருளானால் பஞ்சு ரோஜா நிறமாகும். தகடு, வெள்ளையாகவே இருந்தது. சங்கிலி, வெள்ளை. கொக்கியில் தேய்த்த பஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளஞ்சிவப்பானது. ‘316’ என்று சொல்லி விற்ற பாக்கெட்டில் கொக்கி மட்டும் வேறு ஏதோ கலவையில் முலாம் பூசியது. இத்தனைக்கும் 316எல்லிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. ஆனால் அது உள்ளேயே இறுகிக் கிடக்கும், தோலுக்கு வருவது அற்பம். ஐரோப்பாவில் சட்டமே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு வெளியே வருகிறது என்றுதான் பார்க்கிறது: தோலில் தொடர்ந்து படும் நகைக்கு வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம் வரை. கொக்கியை மாற்றினேன், இந்தமுறை மாட்டுவதற்கு முன்பே சோதித்து. ஒரு வாரத்தில் தோல் ஆறியது.

அதற்கடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். தகட்டில் 5 மி.கி. என்று அழியாமல் பொறித்து எனாமல் வேறு பூசி வைத்திருக்கிறேன். வார்ஃபரின் அளவு இப்படி ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? மூன்று வருடமாகச் சீட்டை நான்தானே வாங்கி வருகிறேன். கையில் எழுதும்போது மட்டும் மறந்துபோனேன். மூன்றாவது தகடும் போச்சு. நான்காவதில் மருந்தின் பெயர் மட்டும். அளவு பர்சில் இருக்கும் அட்டையில், பென்சிலில். அட்டையையும் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் நானே திருத்துகிறேன்.

இப்போது நான்கு மாதமாகக் கையில் இருக்கிறது. பாத்திரம் கழுவுவதால் எனாமல் ‘வால்வ்’ மேல் கொஞ்சம் உரிந்தது, மறுபடி பூசினேன். பள்ளம் அப்படியே இருக்கிறது. போன தடவை ரத்தம் எடுக்கும்போது நர்ஸ் ஊசி போடப் பிடித்த கையைத் திருப்பி, ஒரு வார்த்தை கேட்காமல் படித்துவிட்டு, ஊசியை எடுத்த பிறகு வழக்கத்தைவிட நேரம் பஞ்சை அழுத்திப் பிடித்தார். அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெரியம்மாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் அதையே சொன்னார்.

பெரியம்மா இன்சுலின் போடுகிறவர். சர்க்கரை இறங்கினால் குடித்தவர் மாதிரித் தள்ளாடுவார், பேச்சும் குழறும், பார்ப்பவர்கள் தப்பாகத்தான் நினைப்பார்கள். அவருக்கும் ஒன்று வேண்டுமாம். நேற்று தகடு வெட்டினேன். இன்சுலின், ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. இரண்டு வரி சும்மா கிடக்கிறது. அந்த இடத்தில் பூக்கொடி வரும் என்று அம்மா அவரிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம்.